கோணல் குழல்

"சுட்டுப் பார்க்காம அப்படியே வித்துடு," என்று அண்ணன் தயாளன் சொல்லியும் குகன் கேட்கவில்லை.

வாயு அழுத்தத்தில் சுடும் அப்பாவின் பழைய கேஸ் துப்பாக்கியை வாங்க வந்தவர், இருபதடி தள்ளிப் பால் டின்னை வைத்து மூன்று முறை சுட்டார். மூன்று குண்டுகளும் ஒரு சாண் இடப்பக்கம் விலகிச் சுவரில் பட்டன.

"குழல் ஆரம்பத்துலேருந்தே கோணல் லா. நீங்க சுட்டதில்லையா?"

"பத்து வயசுல ஒரே தடவை, சுங்கை ஆயர் தாவார் தோட்டத்துல. குரங்கைக் குறி வச்சேன். படல."

சொல்லிவிட்டுக் குகன் டின்னுக்கு இடப்பக்கம் சுவரில் விழுந்திருந்த குழிகளைப் பார்த்தான். அன்று குரங்குக்கு இடப்பக்கம் அண்ணன்தான் குனிந்து, செம்பனை எண்ணெய்க்கான உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். "கண்ணுல செம்பனை முள் குத்திடுச்சுப்பா," என்று அவன் அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னதைக் குகன் முப்பது வருடமாக நம்பியிருந்தான்.

தேநீரோடு வந்த தயாளன், தன் ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்த்தான்.

"அதான் சுட வேணாம்னேன், தம்பி."