பன்னிரண்டாம் தேதி வேண்டாம்

"பன்னெண்டாம் தேதி வேணாம் தம்பி. அன்னைக்குக் கப்பல் முழுகியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க."

உதவி ஆசிரியர் தலையைச் சொறிந்தார். பத்திரிகையில் 'வரலாற்றில் இன்று' பகுதியைப் பதினோரு வருடமாக எழுதுகிறவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே காலண்டர்தான்.

எதிரில் இருந்தவர், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் டெய்லரக்கா. ஜிப் மாற்றிய பேன்ட்டைக் கொடுக்க மாடியேறி வந்தவர், அதைப் பிணையாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த மாதத்திலேயே ஒரு நல்ல நாள் வேண்டுமாம்.

"நாள் பாக்கறதுக்கு ஜோசியர் இருக்காரேக்கா. யாரு பொறந்தாங்க, எது இடிஞ்சுதுன்னு எழுதற ஆளு நான்."

"அதான் வேணும். பதினாலு எப்படி?"

காலண்டர் தன் நோட்டைப் புரட்டினார். "ஒரு ராஜா பொறந்திருக்கார்."

"ஆளு எப்படி?"

"மூணு பொண்டாட்டி."

"அடுத்ததைச் சொல்லுங்க."

"பதினாறு. பெரிய பாடகர் ஒருத்தர் பிறந்தநாள். அதே தேதியில ஒரு பாலமும் இடிஞ்சிருக்கு."

"அவரு பாடினதாலயா?"

பக்கத்து மேஜையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தை அனுப்ப நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் காலண்டருக்கு ஆவல் தாங்கவில்லை.

"பையனுக்குக் கல்யாணமா?"

"அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டாவது கடை திறக்கறீங்களா?"

"இருக்கற கடையிலயே கத்திரிக்கோலைத் தேடிக்கிட்டிருக்கேன்."

"கண்டுபிடிச்சிட்டேன். பேரன் வரப்போறான்!"

"ரெண்டு மாசத்துலயா? கணக்குல நீங்க ரொம்ப வீக்கு தம்பி."

காலண்டர் அசடு வழிந்தபடி அடுத்த பக்கத்துக்குப் போனார். "பத்தொன்பது. ஒரு ஊர்ல முதன்முதலா தெருவிளக்கு எரிஞ்ச நாள். ஒரு நர்ஸம்மா பொறந்த நாள். சண்டை இல்ல, சாவு இல்ல."

"அந்தம்மா நல்லவங்கதானே?"

"ஊருக்கே காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பகலா பாத்துக்கிட்டவங்க."

டெய்லரக்காவின் முகம் மலர்ந்தது. "பத்தொன்பது... பத்தொன்பது..." என்று மறந்துவிடாமலிருக்க இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேன்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

காலண்டர் விடவில்லை. "ராஜாவையே வேணாம்னுட்டீங்க. அப்படி என்னக்கா விசேஷம்?"

டெய்லரக்கா கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"'உங்க பிறந்தநாள் என்னைக்கு அத்தை'ன்னு நேத்து மருமக கேட்டா தம்பி. இந்த அம்பத்தெட்டு வருஷத்துல யாருமே கேட்டதில்ல. அது எனக்கே தெரியாதுன்னு அவகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."