அசையாத கோடு

கோடு அசையவே இல்லை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். திரையில் நாற்பத்தெட்டு வோல்ட், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடியது.

இவ்வளவு யோக்கியமான கோட்டை அவள் நம்புவதில்லை.

வெளித்தேர்வாளராக வந்திருந்தாள். கல்லூரிக்காரர்கள் வைத்த முந்திரித் தட்டைத் தொடவில்லை. எதிரே எம்.இ. மாணவன் இசக்கிராஜ். இன்ஷர்ட் செய்த சட்டை முதுகில் நனைந்திருந்தது.

வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் கன்வெர்ட்டரை ஃபஸி லாஜிக்கில் ஓட்டுகிறானாம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் கொஞ்சம் ஏற்று, ரொம்ப இறங்கினால் நிறைய ஏற்று. இப்படி இருபத்தைந்து விதிகள். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

சட்டென்று குனிந்து மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

அடியில் ஒன்றும் இல்லை.

பாம்பின் கால் பாம்பறியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன், தன் பிஎச்.டி. தேர்வன்று, இப்படி ஒரு துணிக்கு அடியில் நாலு பேட்டரிகளை ஒளித்துவைத்து, கன்வெர்ட்டரை விட்டுவிட்டு அங்கிருந்து திரைக்கு ஒயர் இழுத்தவள் அவள்.

அன்றைக்கு யாரும் குனியவில்லை. கைதட்டினார்கள்.

லோடை ஏற்றச் சொன்னாள்.

இசக்கிராஜ் சுவிட்சுகளைத் தட்டினான். ஆறு பல்புகள் வரிசையாக எரிந்தன.

கோடு விழுந்தது. தடுமாறியது. மெல்ல ஏறி நாற்பத்தேழரையில் நின்றுகொண்டது.

நிஜம்தான். பையன் ஏமாற்றவில்லை.

அவளுக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"சாரி மேம். ரூல்ஸ் பூரா உங்க தீசிஸ்ல இருந்துதான் எடுத்தேன். அதுல லோடு ஏத்துனாலும் கோடு அசையாது. எனக்கு ஒரு வருஷமா வரவே இல்ல. மூணு ரூலை மாத்தின பொறவுதான் இந்த அளவுக்காச்சும் நிக்கி. நான் எங்க தப்பு பண்ணேன் மேம்?"

ஒரு வருஷம்.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அவன் கேலி செய்கிறானோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தான், கையில் பேனாவோடு.

கதவருகில் அவனுடைய கைடு மதிப்பெண் தாளை நீட்டியபடி எட்டிப் பார்த்தார்.

அவள் எழுந்து போய், அவரை வெளியிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து, தேர்வாளர் நாற்காலியை இசக்கிராஜ் பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னாள்.

அவன் நின்றிருந்த இடத்தில் அவள் போய் நின்றாள்.