முதலாளி வைத்த பழுது

ஜூலை மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை; விடிந்தது முதல் விடாத தூறல்.

"இந்த வண்டியில ஒரு பழுது வச்சிருக்கேன். பன்னெண்டு மணிச் சங்கு ஊதறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டா வேலை உனக்கு. இல்லேன்னா வந்த வழியே கிளம்பிடணும்" என்றார் பட்டறை முதலாளி.

அவர் சுட்டிய இடத்தில், முப்பது வயதைக் கடந்த வெளிர்நீலக் கார் ஒன்று, குளிர்காய்ச்சல் கண்டவரைப் போல உடம்பெல்லாம் நடுங்க உறுமிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் இப்படித் துடிக்கும், மேட்டில் ஏற்றினால் இழுக்கவே இழுக்காது, சைக்கிள்காரன்கூட மணியடித்துவிட்டு முந்திப் போவான் என்று அவர் நோயின் குணங்களை விவரித்தார்.

வேலை கேட்டு வந்தவள் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டாள். முறையாகத் தொழில் படித்துச் சான்றிதழும் பெற்றிருந்த அவளை, பெண்ணுக்கு எதற்கம்மா இந்த எண்ணெய்ப் பிழைப்பு என்று கேட்டு, மூன்று பட்டறைகள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தன. "மூணு இடத்துல மூக்கறுபட்டது போதாதா அண்ணி?" என்று அன்று காலையில் நாத்தனார் கேட்டாள். வந்தால் வேலையோடுதான் வருவேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவள் படியிறங்கியிருந்தாள். அந்த ஊரில் ஐந்தாவது பட்டறை கிடையாது.

சுவரோரப் பெஞ்சில், மடக்கிய குடையை மடியில் கிடத்தியபடி முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். காத்திருக்கும் வாடிக்கையாளர் போலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

"பொண்ணு கை வைக்கப் போறாளா? வைக்கட்டும். ஆம்பளைங்க கை வச்ச லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே" என்றார் அந்த அம்மாள். முதலாளி அது காதில் விழாதவர் போல ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினார்.

அவள் பானெட்டைத் தூக்கினாள். அடுப்புக் கரிபோல் கறுத்திருந்த எஞ்சினின் நடுவே ப்ளக்குகளும் அவற்றின் வயர்களும் இக்னிஷன் காயிலும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவை போலப் பளபளத்தன. கார்புரேட்டரில் முகம் பார்க்கலாம். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

முதலில் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பதில்லையா என்று முதலாளி தேர்வாளருக்குரிய கண்டிப்புடன் கேட்டார். அவள் தலையசைத்து மறுத்தாள். ரப்பர்ப் பிடியிட்ட குறடால் ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள். எதை இழுத்தாலும் எஞ்சின் ஒரே அளவாகத் தளர்ந்தது.

"நாலு சிலிண்டரும் ஒரே மாதிரிதான் உழைக்குது சார். நோவு ஒருத்தருக்கு இல்ல, குடும்பத்துக்கே."

கார்புரேட்டராக இருக்குமோ, பெட்ரோல் பம்பாக இருக்குமோ, ஒருவேளை மழை ஈரமோ என்று முதலாளி அடுக்கினார். அவர் குரலிலிருந்த கண்டிப்பு எங்கோ கழன்று விழுந்திருந்தது. தலையோ பானெட்டுக்குள் பாதி நுழைந்திருந்தது.

"நிழல் விழுது சார். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

பெஞ்சிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

அவள் தன் பையிலிருந்து முழ நீள ரப்பர்க் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் பொருத்தி, மறுமுனையை எஞ்சினின் மேல், நோயாளியின் மார்பைச் சோதிக்கும் வைத்தியரைப் போல மெல்ல நகர்த்தினாள். அத்தனை இரைச்சலுக்கும் அடியில், ஓரிடத்தில் பாம்பு சீறியது. அங்கே கையை நுழைத்து, பென்சில் தடிமனே இருந்த குழாய் ஒன்றை இரு விரல்களால் நசுக்கிப் பிடித்தாள்.

வண்டியின் நடுக்கம் சட்டென்று அடங்கியது. எஞ்சின், பால் குடித்த பிள்ளைபோல் சீராக மூச்சுவிட்டது. விரலை எடுத்தாள், மறுபடியும் காய்ச்சல்.

"வளைவுக்கு அடியில வெடிச்சிருக்கு. மேலேர்ந்து பார்த்தா தெரியாது. வேண்டாத காத்து உள்ள போகுது, அதான் நடுக்கம். இந்தக் குழாய் உறிஞ்சினாத்தான் தீப்பொறி வேளையோட விழும். உறிஞ்சல, அதான் மேடு ஏறல. ஒரே திருடன் சார், ரெண்டு வீட்டுல கன்னம் வச்சிருக்கான்."

காது கொடுத்துக் கேட்ட குழாயிலேயே ஒரு சாண் வெட்டி, வெடித்ததை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினாள். முதலாளி வண்டியில் தாவி ஏறி, பட்டறைக்கு எதிரேயிருந்த மேட்டில் விட்டார். அது கயிறறுத்த காளை போல ஏறி மறைந்தது. திரும்பி வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

"சபாஷ். நான் வச்ச பழுது அதேதான். வேலை உனக்கு."

பெஞ்சில் இருந்த அம்மாள் குடையை ஊன்றி எழுந்தார்.

"நீங்க வச்ச பழுதா மாப்பிள்ளை? அப்போ எட்டு மாசமா என் வண்டியைக் கழட்டிக் கழட்டி மாட்டினதும், என்னை பஸ்ஸுல தொங்க விட்டதும் வேணும்னே பண்ணினதுதானா?"

"அத்தை..." என்றார் முதலாளி. மாமியார் அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி மேடேறி மறையும் வரை பார்த்திருந்த முதலாளி, அவள் பக்கம் குனிந்து, நடந்தது பட்டறையை விட்டு வெளியே போக வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு பானெட்டைத் திறந்ததுமே தெரியும் சார்" என்றாள் அவள், கையைத் துடைத்தபடி. "பழுது வைக்கிறவர் எதையாவது கெடுத்து வச்சிருப்பார், நீங்க எல்லாத்தையும் புதுசா மாத்தி வச்சிருந்தீங்க. அதனால நீங்க மாத்தாம விட்டது எதுன்னு மட்டும்தான் தேடினேன்."

அப்போது மணி சரியாகப் பதினொன்று நாற்பத்திரண்டு.