பச்சைக் கதவு வீட்டு ஃப்ரிட்ஜ்

மார்ச் 9. இன்று அவசரப்பட்டு ஒரு தவறான காரணம் எழுதிவிட்டேன்.

பழைய ஃப்ரிட்ஜ் கேஸ் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு பூமியைச் சூடாக்குமாம். ஏதாவதொரு பழைய கசிவைக் கணக்கிட்டு வரும்படி மாலை வகுப்பில் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்த அப்பாவின் பழைய வேலை நோட்டைப் புரட்டினேன். கேஸ் கசிந்து மறுபடி நிரப்பிய வீடுகளில் 'பச்சைக் கதவு வீடு' மட்டும் ஒரே வருடத்தில் ஐந்து முறை வந்தது. 'காரணம்: மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று எழுதினேன்.

அதைப் படித்த அப்பாவின் முகம் வாடியது. "ஒவ்வொரு தடவையும் வால்வை இறுக்கிட்டுத்தான் வந்தேன். அந்த ஒரு ஃப்ரிட்ஜ்தான் என் மானத்தை வாங்கிடுச்சு."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "நீங்க சரியாத்தான் இறுக்கினீங்க. நான்தான் தளர்த்திவிட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"வேற என்ன சொல்லி உங்களை எங்க வீட்டுக்கு வரவழைக்கிறது?"

"அடிப்பாவி! சோப்புத் தண்ணி தடவித் தடவிக் கசிவைத் தேடினேனே!" அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்த கேஸெல்லாம் இன்னும் மேலேயா இருக்கு?"

"பெரும்பாலும் இருக்கும்மா."

நாளைய வேலை: 'கவனக்குறைவு' என்பதை அடித்து, 'வேண்டுமென்றே திறந்தது' என்று எழுதி, அம்மாவிடம் ஒருமுறை காட்ட வேண்டும்.