நிறம் போன தண்ணீர்

ஜேத்பூர் சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் சாயத்தை உடைக்கும் ஓசோன் குமிழ்கள் பொங்குகின்றன. காலையில் ரத்தமாய்ச் சிவந்திருந்த தண்ணீர் இப்போது கண்ணாடியாய் மின்னுகிறது. ஆற்றுக்குத் திறந்துவிடும் வால்வுச் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் மெஷின் பார்க்கும் ஜசுபென். "நிறந்தான் போயிடுச்சே, எறங்கு!" என்று கத்துகிறார் முதலாளி தாம்ஜி சேட். "சாயம் ஒடைஞ்சிருக்கு சேட், ஒடைஞ்ச துண்டெல்லாம் உள்ளேதான் கெடக்கு. அதுவும் அழியணும். ஆத்தோரம் எங்க கடலைக்காடு இருக்கு." "சுத்தமான தண்ணிடீ இது!" ஜசுபென் உட்கார்ந்தபடியே பக்கத்திலிருந்த பட்டறையின் டீக் கெட்டிலைத் தொட்டியில் முக்கி நீட்டுகிறாள். "அப்போ இதுலயே டீ போடச் சொல்லட்டுமா?" தன் அப்பாவின் சிதை எரியும்போதுகூட டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சியவர் சேட். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, டீ வேண்டாம் என்கிறார். குமிழ்கள் பொங்குகின்றன. ஜசுபென் கால்மேல் கால் போட்டுக்கொள்கிறாள்.