ஒரு மதிப்பெண் கேள்வி

தீவு மூழ்கியது கல்வி அலுவலகத்தில் யாருக்கும் பெரிதில்லை. அங்கிருந்து தப்பி வந்த மெர்லின், டி.சி. இல்லாமல் வந்ததுதான் மகா குற்றம்.

“பத்தாவது வரை படிச்சேன்னு ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேணும்மா,” என்றார் கிளார்க் சண்முகக்கனி.

“ஸ்கூலே கடலுக்குள்ள போயிட்டு சார்.”

“அதுக்கு நானா முங்கி எடுக்க முடியும்? தகுதித் தேர்வு எழுது. பாஸானா பிளஸ் ஒன், இல்லன்னா ஆறாங்கிளாஸ்.”

எழுதினாள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. ‘தீவு மூழ்கியபோது இறந்தவர்கள் எத்தனை பேர்?’ அரசாங்க விடை: ஒருவருமில்லை. மெர்லின் எழுதியது: என் அம்மாவோடு சேர்த்து முப்பத்தொரு பேர்.

“புஸ்தகத்துல உள்ளத எழுத வேண்டியதுதான? நாளைக்கு மறுதேர்வு இருக்கு, மாத்தி எழுதிரு.”

“ஆறாங்கிளாஸ் புஸ்தகம் எங்க சார் குடுக்காங்க?” என்றாள் மெர்லின்.