ஜூன் அம்மா

கண்ணாடிக் கடையின் பின்னறையில் தேய்க்கும் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கிறது. அவள் ஈர லென்ஸைத் துணியால் துடைத்தபடியே கைப்பேசியைப் பார்க்கிறாள். ஜூனில் பிள்ளை பெறப்போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருத்திக்கும் பெயர் 'ஜூன் அம்மா'தான். காலையில் அவள் அங்கே, "கரு கலைஞ்சிடுச்சு" என்று எழுதினாள். இப்போது அந்த வரியும் இல்லை, குழுவில் அவளும் இல்லை. குழுத் தலைவி தனியே அனுப்பியிருக்கிறாள்: "சாரி சிஸ்டர், அந்த வார்த்தைய பாத்தா மத்த அம்மாங்க பயப்படுவாங்க."

பக்கத்து மேசையில் கண்ணாடி ஃபிரேமுக்குத் திருகு போடும் அக்கா அதை எட்டிப் படித்துவிட்டு, "விடுடி, ஒரு குரூப்புதானே" என்கிறாள்.

"நேத்துவரைக்கும் அம்மா, இன்னிக்கு சிஸ்டரா? நான் என்ன தொத்து வியாதியாக்கா?"

பளிச்சென்றாகிவிட்ட லென்ஸை அவள் இன்னும் அழுத்தித் துடைக்கிறாள். பிறகு ஈரக் கையோடு தலைவிக்கு எழுதுகிறாள்: "ஜூன் எனக்கும்தான் வரும்."